களநீட்சியில் உள்வெளிகளின் பொருத்தம்: வரையறை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது?

ஒரு வாசகரின் கேள்வி, 2024 ஆகஸ்ட் 4

க என்பது ஒரு களம் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் நடக்கும் எண் அமைப்பு), ல அதன் நீட்சி, அதாவது அதை உள்ளடக்கிய பெரிய களம். ல-வுக்குள் ஒரே பரிமாணம் ந கொண்ட அ, இ என்னும் இரண்டு க-உள்வெளிகள் இருக்கின்றன. அ-வின் அடுக்களம் (basis) ப(1), ப(2), …, ப(ந). இ-யின் அடுக்களம் ம(1), ம(2), …, ம(ந). ஒவ்வொரு ஞ-வுக்கும் ப(ஞ)·ம(ஞ) என்ற பெருக்கற்பலன் அ-வுக்கு வெளியே விழுந்தால் இரண்டும் பொருந்துகின்றன என்று சொல்லிவிட்டுப் போகலாமே? எலியாஹு, லெகூவே என்னும் கணிதவியலாளர்கள் இப்பொருத்தம் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரையில் இதைவிடச் சுற்றி வளைத்த நிபந்தனை இருக்கிறது. காரணமின்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் 4, இரவு

காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அந்த நிபந்தனையைச் சரியாக எழுதிக்கொள்வோம், ஏனெனில் கேள்வியில் அது விடுபட்டிருக்கிறது.

ப(ஞ)-வால் பெருக்கியும் அ-வுக்குள்ளேயே தங்கிவிடும் இ-யின் உறுப்புகள் எல்லாம் சேர்ந்து இ-யின் ஓர் உள்வெளி ஆகும். அதை ப(ஞ)-வின் தடைவெளி என்று அழைக்கிறேன். இது என் வசதிக்கான பெயர். ஞ-ஆவது தடைவெளி முழுவதும், ம(ஞ) நீங்கலான மற்ற ம-க்கள் பரப்பும் வெளிக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நிபந்தனை. ம(ஞ) தன் தடைவெளியில் இல்லாதிருப்பது மட்டும் போதாது. தடைவெளியின் எந்த உறுப்பை அடுக்களத்தில் விரித்து எழுதினாலும் அதில் ம(ஞ)-வின் கெழு பூச்சியமாக இருக்க வேண்டும். அ-வின் எந்த அடுக்களத்தை எடுத்தாலும் அதற்கு இ-யில் இப்படி ஓர் அடுக்களம் கிடைக்குமானால், அ என்பது இ-யுடன் பொருந்துகிறது என்பார்கள்.

உங்கள் நிபந்தனையை மென் பொருத்தம் என்றும், அவர்களுடையதை வன் பொருத்தம் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் 5

மென் பொருத்தத்தின் சிக்கல் அது தவறானது என்பதில் இல்லை. அது ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பதில் இருக்கிறது.

க என்பது விகிதமுறு எண்களின் களம், ல என்பது அதனுடன் ⁴√2-ஐச் சேர்த்துக் கிடைக்கும் நான்காம் படி நீட்சி என்று கொள்ளுங்கள். அ-வின் அடுக்களம் 1, √2. இ-யின் பரப்பிகள் √2, ⁴√2. இங்கே அ தானே ஒரு களம். ஆகவே ப(1) = 1, ப(2) = √2 ஆகிய இரண்டுக்கும் தடைவெளி ஒன்றே, அது √2-இன் விகிதமுறு மடங்குகள். வன் பொருத்தம் வேண்டுமானால் √2 ஒரே நேரத்தில் ம(2)-இன் மடங்காகவும் ம(1)-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். அது நடக்காது.

ஆனால் ம(1) = ⁴√2 என்றும் ம(2) = √2 + ⁴√2 என்றும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் நேரியல் சார்பற்றவை. 1·⁴√2 அ-வில் இல்லை; √2·(√2 + ⁴√2) = 2 + √2·⁴√2 என்பதும் அ-வில் இல்லை. மென் பொருத்தம் தடையின்றிக் கிடைத்துவிட்டது. √2 என்ற தொல்லைக்குரிய உறுப்பின்மேல் ⁴√2-ஐச் சிறிது பூசிவிட்டோம், அவ்வளவுதான். தொல்லை தீரவில்லை, மறைந்திருக்கிறது. வன் பொருத்தத்தின் நிபந்தனை இந்தப் பூச்சு வேலையைத்தான் தடுக்கிறது.

பொதுவாகவும் சொல்லலாம். க ஒரு முடிவிலிக் களமாக இருந்து, எந்தத் தடைவெளியும் முழு இ-யாக இல்லாவிட்டால், பொதுநிலையில் எடுத்த எந்த அடுக்களமும் மென் பொருத்தமாகவே அமையும்.

ஆகஸ்ட் 5, சற்றுப் பின்

மேலே க முடிவிலிக் களம் என்று வைத்துக்கொண்டது வசதிக்காக. அது தேவையே இல்லை. ம-க்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். ம(ஞ)-வைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை இரண்டு உள்வெளிகள் மட்டுமே: ஞ-ஆவது தடைவெளி, அதுவரை எடுத்த ம-க்கள் பரப்பும் வெளி. எந்தக் களத்தின் மேலும், இரண்டு தகு உள்வெளிகளின் ஒன்றிப்பு முழு வெளியை நிரப்பாது. எனவே ஈருறுப்புக் களத்தின் மேலும் இது செல்லும். ப(ஞ)·இ = அ என்பது எந்த ஞ-வுக்கும் நேராதவரை மென் பொருத்தம் உண்டு; நேர்ந்தால் இல்லை. ஒரே வரியில் தீர்ந்துபோகும் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கொள்கை எழுப்ப முடியாது.

ஆகஸ்ட் 7

"குலங்களில் மென்மையான வரையறைதானே இருக்கிறது, அங்கே மட்டும் அது எப்படிப் போதுமானதாகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. விடை ஹால் தேற்றத்தில் இருக்கிறது.

பரிமாற்றுக் குலம் (கூட்டும் வரிசை மாறினாலும் விடை மாறாத group) ஒன்றில் ந உறுப்புகள் கொண்ட இரண்டு கணங்கள் அ, இ. அ-விலிருந்து இ-க்கு ஓர் இருவழிக் கோப்பு. ஒவ்வொரு உறுப்பையும் அதன் துணையுடன் கூட்டினால் அ-வுக்கு வெளியே போக வேண்டும். பிலிப் ஹால் 1935-இல் தந்த தேற்றத்தைத் திருமணத் தேற்றம் என்று அழைப்பது வழக்கம். அதன்படி இத்தகைய கோப்பு இருப்பதற்கான நிபந்தனை இது: அ-வில் எந்த ர உறுப்புகளை எடுத்தாலும், அந்த ர உறுப்புகளுக்கும் ஒருசேர ஆகாத இ-யின் உறுப்புகள் ந − ர-க்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் ஜாதகக் கட்டில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் ஜோடி ஜோடியாகப் பார்ப்பார்கள். ஹால் ஊரையே கூட்டிவைத்து எண்ணுகிறார்.

இதன் நேரியல் வடிவம் ரிச்சர்டு ராடோ 1942-இல் நிறுவியது. ஒரு வெளியில் ந உள்வெளிகள் கொடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்து, எடுத்தவை நேரியல் சார்பற்றவையாக இருக்கச் செய்ய முடியுமா? அவற்றுள் எந்த ர உள்வெளிகளைக் கூட்டினாலும் கூட்டின் பரிமாணம் குறைந்தது ர ஆக இருந்தால் முடியும், இல்லையேல் முடியாது.

இப்போது வன் பொருத்தத்தை இருமை வெளியில், அதாவது இ-யின் மேலுள்ள நேரியல் சார்புகளின் (functionals) வெளியில், வைத்துப் பாருங்கள். ம-க்களின் இருமை அடுக்களத்தில் ஞ-ஆவது சார்பு என்பது ம(ஞ)-வின் கெழுவைப் படித்துச் சொல்லும் சார்பு. தடைவெளியின் உறுப்புகளில் அந்தக் கெழு பூச்சியம் என்று கோருவது, அந்தச் சார்பு தடைவெளியின் மேல் மறைகிறது என்று கோருவதே. ஆகவே நமக்குத் தேவை, ஒவ்வொரு தடைவெளியின் மேலும் மறையும் சார்புகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்து, எல்லாம் நேரியல் சார்பற்றிருக்குமாறு செய்வது. இது அப்படியே ராடோவின் கேள்வி. அவருடைய நிபந்தனையைத் திருப்பி எழுதினால், எந்த ர தடைவெளிகளின் வெட்டும் ந − ர-க்கு மேற்பட்ட பரிமாணம் கொண்டிருக்கக் கூடாது என்று வருகிறது.

ஹால் நிபந்தனையில் உறுப்புகளின் எண்ணிக்கை இருந்த இடத்தில் பரிமாணம் வந்திருக்கிறது. வேறு எதுவும் மாறவில்லை. வன் பொருத்தம் சுற்றி வளைத்ததாகத் தோன்றுவது, அதை இ-க்குள் நின்று படிப்பதால்தான். இருமை வெளியில் நின்று படித்தால் அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

ஆகஸ்ட் 8

ராடோவின் தேற்றத்தை நான் முதலில் படித்தது மேட்ராய்டுகளை (நேரியல் சார்பின்மையைப் பொதுமைப்படுத்தும் அமைப்புகளை)ப் பற்றிய ஒரு பாடத்தில். அப்போது அதை ஹால் தேற்றத்தின் அலங்காரப் பொதுமையாக்கம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். களநீட்சிகளில் அது இவ்வளவு நேரடியாக வேலை செய்வதைக் கண்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. முதுகலை நேரியல் இயற்கணிதத்தில் இருமை அடுக்களத்தை நடத்தும்போது, "இது எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் இதையே எடுத்துக்காட்டுகிறேன். எல்லோருக்கும் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 10

இந்தப் பொருத்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பல்லுறுப்புக் கோவைகளிலிருந்து வந்தது.

இரண்டு மாறிகளில் பொதுவான முப்படிச் சமபடிக் கோவையை எடுத்துக்கொண்டால் அதில் நான்கு உறுப்புகள் உண்டு. மாறிகளை நேரியலாக மாற்றினால் நடுவிலுள்ள இரண்டையும் நீக்கி, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். இதையே பொதுமைப்படுத்தி, வேக்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்டார்: மாறிகளின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், நேரியல் மாற்றத்தால் எந்த ஒற்றையுறுப்புகளின் தொகுதியைப் பொதுவான கோவையிலிருந்து நீக்க முடியும்? ஃபேன், லோசன்சி இருவரும் 1996-இல் இதை முழு எண் ஆயங்களின் குலத்தில் பொருத்தங்களாக மாற்றி அணுகினார்கள். அதே ஆண்டில் அலோன், ஃபேன், கிளைட்மன், லோசன்சி நால்வரும் சுழற்சியற்ற பொருத்தங்களைப் பற்றி எழுதினார்கள். 1998-இல் லோசன்சி பொதுவான பரிமாற்றுக் குலங்களுக்குச் சென்றார். பூச்சியம் இ-யில் இல்லை என்பது மட்டுமே எப்போதும் போதுமானதாக இருக்கும் குலங்கள் இரண்டே வகை என்பது அவர் முடிவு: முடிவுறு வரிசை கொண்ட உறுப்பு பூச்சியம் தவிர வேறெதுவும் இல்லாத குலங்கள், பகா எண் வரிசை கொண்ட சுழற்குலங்கள். எலியாஹுவும் லெகூவேயும் 2008-இல் பரிமாற்றுப் பண்பு இல்லாத குலங்களுக்கும், 2010-இல் களநீட்சிகளுக்கும் இதைக் கொண்டுசென்றார்கள்.

வரலாறு இத்துடன் போதும்.

ஆகஸ்ட் 11

கையால் போட்டுப் பார்க்காமல் இந்த வரையறை மனத்தில் தங்காது. விகிதமுறு எண்களுடன் த = ∛2 சேர்த்த மூன்றாம் படி நீட்சியை எடுங்கள். அ-வின் பரப்பிகள் 1, த. இ-யின் பரப்பிகள் த, த².

ப(1) = 1, ப(2) = த என்றால், முதல் தடைவெளி த-வின் மடங்குகள். இரண்டாவதற்கு, த-வால் பெருக்கி அ-வுக்குள் வருவது த² மட்டும், ஏனெனில் த³ = 2. எனவே ம(2) = த, ம(1) = த². இவற்றின் மடங்குகளைத் தவிர வேறு விடை கிடையாது.

அடுக்களத்தை மாற்றி ப(1) = 1 + த, ப(2) = 1 − த என்று வைத்தால், முதல் தடைவெளி த − த²-இன் மடங்குகள்; இரண்டாவது த + த²-இன் மடங்குகள். ஆகவே ம(1) = த + த², ம(2) = த − த². பெருக்கிப் பார்த்தால் முதலாவது 2 + த + 2த², இரண்டாவது 2 + த − 2த². இரண்டும் அ-வுக்கு வெளியே.

அ-வின் அடுக்களத்தைத் திருப்பினால் இ-யின் அடுக்களமும் கட்டாயமாகத் திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். "எந்த அடுக்களத்தை எடுத்தாலும்" என்ற சொற்கள் வரையறையில் ஏன் இருக்கின்றன என்பது இந்தச் சிறு கணக்கிலேயே விளங்கும்.

ஆகஸ்ட் 14

இ-யில் 1 இருந்தால் பொருத்தம் கிடையாது. 1 என்பது எல்லாத் தடைவெளிகளிலும் இருப்பதால், அதன் கெழுக்கள் எல்லாமே பூச்சியமாக வேண்டியிருக்கும். பிறகு அது 1 ஆக இருக்க முடியாது. ஆகவே 1 இ-யில் இல்லை என்பது தேவையான நிபந்தனை. அது எப்போது போதுமானதும் ஆகிறது என்பதே முக்கியக் கேள்வி.

க-வுக்கும் ல-வுக்கும் இடையில், இரண்டிலிருந்தும் வேறான, முடிவுறு படி கொண்ட ஜ என்ற களம் இருந்தால் போதாது. ஆகஸ்ட் 5 குறிப்பில் உள்ள எடுத்துக்காட்டே பொதுமுறையும் ஆகும்: அ = ஜ என்று வைத்து, 1 இல்லாதபடி ஜ-வின் பரிமாணத்தில் ஒன்று குறைந்த உள்வெளியை எடுத்து, அதனுடன் ஜ-வுக்கு வெளியிலுள்ள ஓர் உறுப்பைச் சேர்த்து இ-யை அமையுங்கள். எல்லாத் தடைவெளிகளும் ஒன்றாகிவிடும். ராடோ நிபந்தனை முறியும்.

அப்படிப்பட்ட இடைக்களம் இல்லாவிட்டால் போதுமானது. இதற்கான நிறுவலில் முழுச் சுமையையும் தாங்குவது க்னேசரின் கூட்டல் தேற்றத்தினுடைய நேரியல் வடிவம். உ, வ என்ற முடிவுறு பரிமாண உள்வெளிகளின் பெருக்கற்பலன்கள் பரப்பும் வெளியை உவ என்போம். ஹ என்பது உவ-வைத் தன்னுள்ளேயே பெருக்கும் ல-வின் உறுப்புகளின் களம். அப்போது உவ-வின் பரிமாணம், உ, வ ஆகியவற்றின் பரிமாணங்களின் கூட்டலிலிருந்து ஹ-வின் பரிமாணத்தைக் கழித்ததைவிடக் குறையாது.

ராடோ நிபந்தனை முறிகிறது என்று கொள்வோம். அதாவது ர உறுப்புகள் பரப்பும் உ-வும், அவற்றின் தடைவெளிகளின் வெட்டாகிய வ-வும் சேர்ந்து குறைந்தது ந + 1 பரிமாணம் கொண்டவை. 1 இ-யில் இல்லாததால் அது வ-விலும் இல்லை. வ-வுடன் 1-ஐச் சேர்த்தால் கூட்டல் ந + 2 ஆகிறது. ஆனால் உ-வை இந்த விரிந்த வ-வால் பெருக்கினாலும் அ-வுக்குள்ளேயே இருக்கிறோம். பரிமாணம் ந-க்கு மேல் போகாது. ஆகவே ஹ-வின் பரிமாணம் குறைந்தது 2. இடைக்களம் இல்லாததால் ஹ = ல ஆக வேண்டும். பிறகு அ = ல, இ = ல, 1 இ-யில் இருக்கிறது: முரண்.

இத்தனை குறுகிய நிறுவலுக்கு ராடோவும் க்னேசரும் இரண்டு பக்கமும் தோள்கொடுக்க வேண்டியிருக்கிறது. ல ஒரு முடிவிலி நீட்சியாக இருந்தாலும் இதுவே செல்லும், ஏனெனில் உவ முடிவுறு பரிமாணம் கொண்டது, ஹ அதற்குள் அடங்கிய ஒன்றின் மடங்கு.

ஆகஸ்ட் 15

"செப்பரபிள் அல்லாத நீட்சிகளில் இந்தக் க்னேசர் வடிவம் செல்லுமா?" செல்லும். ஹோ, லியுங், ஷியாங் மூவரும் 2002-இல் நிறுவியபோது செப்பரபிள் என்ற கட்டுப்பாடு (நீட்சியின் உறுப்புகளுடைய சிறுமக் கோவைகளில் மூலங்கள் திரும்ப வராமை) இருந்தது. அது தேவையில்லை என்று ஹோ ஊகித்தார். பஷோக், செர்ரா, செமோர் மூவரும் அந்த ஊகத்தை உண்மையென்று நிறுவினார்கள். கட்டுரை 2018-இல் காம்பினேட்டரிக்கா இதழில் அச்சானது.

ஆகஸ்ட் 19

இடைக்களம் இருக்கும் நீட்சிகளில் எல்லாம் கைவிட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. அ-வை அ-வுடனேயே பொருத்துவதற்கு, 1 அ-வில் இல்லை என்பதே எந்த நீட்சியிலும் போதும். எலியாஹு, லெகூவே கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். பொதுநிலையில் இதற்கும் மேற்சொன்ன வகைத் தேற்றங்கள் வேண்டும் என்றே எழுதத் தொடங்கினேன். ஆனால் ஒரு சிறப்பு நிலையில் முதலாண்டு நேரியல் இயற்கணிதமே போதும் என்று இன்று எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. அதை இங்கே பதிகிறேன்.

ல முடிவுறு நீட்சி, அதன் பரிமாணம் ந + 1. அ அதில் ஒன்று குறைந்த பரிமாணம் கொண்ட, 1 இல்லாத உள்வெளி. அ-வின் மேல் மட்டும் மறையும் நேரியல் சார்பு ச என்று ஒன்றை எடுங்கள். இரண்டு உறுப்புகளைப் பெருக்கி ச-வைச் செலுத்தினால் ல-வின் மேல் ஓர் இருநேரியல் வடிவம் கிடைக்கும். ல ஒரு களம், ச பூச்சியச் சார்பு அல்ல. எனவே பூச்சியமற்ற எந்த உறுப்பும் எல்லாவற்றுக்கும் செங்குத்தாக இருக்க முடியாது. அதாவது வடிவம் சிதையாதது.

இப்போது உ என்பது அ-வின் அடுக்களத்தில் ர உறுப்புகள் பரப்பும் வெளி. வ அவற்றின் தடைவெளிகளின் வெட்டு. உவ அ-வுக்குள் இருப்பதால் வ முழுவதும் உ-வுக்குச் செங்குத்து. உ-வே அ-வுக்குள் இருப்பதால் 1-உம் உ-வுக்குச் செங்குத்து. 1 வ-வில் இல்லை. உ-வுக்குச் செங்குத்தான வெளியின் பரிமாணம் ந + 1 − ர. அதற்குள் வ-வும் 1-உம் இடம்பிடிக்க வேண்டுமானால் வ-வின் பரிமாணம் ந − ர-க்கு மேற்பட முடியாது. ராடோ நிபந்தனை கைக்கு வந்துவிட்டது. க்னேசர் தேவைப்படவே இல்லை.

நீட்சியின் படி க-வின் சிறப்பெண்ணால் (characteristic) வகுபடாதபோது, ட்ரேஸ் (அந்த உறுப்பால் பெருக்கும் நேரியல் மாற்றத்தின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை) பூச்சியமான உறுப்புகளின் வெளி இந்த வகையைச் சேர்ந்தது. ∛2 எடுத்துக்காட்டில் அது த, த² பரப்பும் வெளி; அங்கே ப(1) = த, ப(2) = த² என்றால் ம(1) = த², ம(2) = த.

ஆகஸ்ட் 20

பொதுநிலையிலும் இதே இருநேரியல் வடிவம் உதவும் என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். ஆம், ஆனால் ஹ-வுக்குள் மட்டும். உ-வோடும் வ-வோடும் 1-ஐச் சேர்த்துப் பெருக்கினால் விடை அ-வும் 1-உம் பரப்பும் ந + 1 பரிமாண வெளிக்குள் நிற்கும். க்னேசரைப் பயன்படுத்தி ஹ-வைக் கண்டுபிடித்த பின், ஹ-வுக்குள் விழும் உ-வின் பகுதியும் வ-வின் பகுதியும் சேர்ந்து ஹ-வின் பரிமாணத்தைவிடக் குறைந்தது ஒன்றாவது குறைவு என்பதற்கு நேற்றைய வாதமே போதும். மிச்சம் கூட்டல் கழித்தல். பெரிய தேற்றம் சிக்கலை ஒரு முடிவுறு களத்துக்குள், அதாவது முடிவுறு படி கொண்ட நீட்சிக்குள், கொண்டுவந்து சேர்க்கிறது. முடித்துவைப்பது சிறிய வாதம்.

ஆகஸ்ட் 23

ஆகஸ்ட் 14 குறிப்பை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இடைக்களமே இருக்கக் கூடாது என்று கேட்பது தேவைக்கு அதிகம். இ-யின் பூச்சியமற்ற ஒவ்வோர் உறுப்பும் தனியாகவே க-வின் மேல் முழு ல-வையும் பிறப்பித்தால் போதும்; அப்போது எந்த இடைக்களமும் இ-யைத் தொடாது. ஹ தகு இடைக்களமாக இருந்தால் வ-வுடன் அதன் வெட்டு பூச்சியம். விரிந்த வ-வை ஹ-வால் பெருக்கும்போது பரிமாணம் குறைந்தது (ஹ-வின் பரிமாணம் − 1) கூடுகிறது. க்னேசரில் கழிபடுவது அதைவிட ஒன்றே அதிகம். எனவே உவ-வின் பரிமாணம் ந + 1-ஐத் தொட்டு முரண் வருகிறது. இத்தகைய இ-யுடன் அதே பரிமாணம் கொண்ட எந்த அ-வும் பொருந்தும், ல-வுக்குள் எத்தனை இடைக்களங்கள் இருந்தாலும்.

⁴√2 நீட்சியில் இதைச் சோதிக்க விரும்புவோர் இ-யை ⁴√2, அதன் கனம் ஆகிய இரண்டும் பரப்பும் வெளியாக எடுக்கலாம். அதன் பூச்சியமற்ற உறுப்பு எதுவும் √2-இன் களத்தில் இல்லை. இந்த நீட்சியில் வேறு இடைக்களமும் இல்லை. அ-வை √2-இன் களமாகவே வையுங்கள். இரண்டு தடைவெளிகளும் பூச்சியம். இ-யின் எந்த அடுக்களமும் பொருந்தும்.